நாலு இடத்துல பத்த வச்சேன்

இடுப்பு பிடித்திருக்கிறது, சார். இருபத்தாறு வருஷம் குனிந்தே வேலை பார்த்த இடுப்பு. உட்கார்ந்தபடியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்தமாக வெல்டிங் பட்டறை. அக்கா மகள் என்னிடம் வேலை பார்த்தாள். பதினாறு வயது. ஆள் குள்ளம், பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். கை மட்டும் என் கையைவிட நிதானம்.

மெத்தைக் கிடங்கு ஒன்றுக்கு இரும்பு கேட் செய்து மாட்டினேன். முதலாளி எல்லோர் முன்னாலும், "கேட்டாய்யா இது? குடிச்சவன் நிக்கிற மாதிரில்ல நிக்குது" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். பொடிசும் சிரித்தாள். சின்னப் பிள்ளை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கேட்டின் கீலைச் சரிசெய்ய அவளைத்தான் அனுப்பினேன். முடித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். கிடங்கிலும் சாப்பாட்டு நேரம். நான் பின்பக்கமாகப் போனேன். ஆபீஸ் கண்ணாடிகளைச் சுத்தியலால் உடைத்தேன். மேசைகளைக் கவிழ்த்தேன். ஒரு மெத்தையில் பெயிண்ட் தின்னரை ஊற்றித் தீக்குச்சி கிழித்தேன். உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துத்தான் செய்தேன்.

காலையில் அவள் வந்துபோனதைக் காவலாளி சொல்லிவிட்டான். அங்கே என்ன செய்தாய் என்று போலீஸ் கேட்டது. "நாலு இடத்துல பத்த வச்சேன், சார்" என்றாள்.

எங்கள் பட்டறையில் வெல்டிங் செய்வதைப் பற்ற வைப்பது என்போம். கீலை நாலு இடத்தில் பற்ற வைத்திருந்தாள். வாக்குமூலம் எழுதினவர் 'நான்கு இடங்களில் தீ வைத்தேன்' என்று எழுதினார். படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். பிறகு அழுதது எதிலும் பதிவாகவில்லை. தீ பிடித்தது ஒரே இடத்தில்தான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிறார் கோர்ட் மூன்று வருஷம் இல்லத்தில் வை என்றது.

மேல்முறையீடு செய்தோம். வக்கீலம்மா கெட்டிக்காரி, விசாரித்த போலீஸ்காரரின் குறிப்பு நோட்டில் அவள் வாய்ச்சொல் அப்படியே இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். மேல் கோர்ட்டில் எழுதியதைத்தான் படிப்பார்கள், சாட்சியைக் கூப்பிடுவது அபூர்வம். அந்த ஒரு சொல்லுக்காக என்னைக் கூப்பிட்டார்கள்.

"தொழில்ல அப்படித்தான் சொல்லுவோம்னு சொல்லுங்கண்ணே. புள்ள வெளிய வந்துடும்" என்றார் வக்கீலம்மா.

அக்கா கெஞ்சுகிறவள் இல்லை. "ஒரு வார்த்த சொல்லப் போற. உன் வாய வாடகைக்கா கேட்டேன்? ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?" என்றாள்.

அவள் இல்லையென்றால் வேறு யார் என்று தேடுவார்கள். பொடிசுக்கு மூன்று வருஷம், அதுவும் சாப்பாடு, படிப்போடு. எனக்கென்றால் பத்து. பட்டறையை நம்பி ஆறு வயிறு. யோசித்துப் பார்த்தால் நியாயம் உங்களுக்கே தெரியும்.

"உங்க பட்டறையில வெல்டிங்க என்னன்னு சொல்லுவீங்க?" நீதிபதி கேட்டார்.

"வெல்டிங்னுதாங்க ஐயா."

"பத்த வைக்கிறதுன்னு சொல்றதில்லையா?"

"இல்லீங்க. அப்படின்னா நெருப்பு வைக்கிறதுங்க."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பொடிசு சிரித்துவிட்டாள். மாமா ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டார், திருத்திக்கொள்வார் என்று காத்திருந்தாள். நான் கூண்டை விட்டு இறங்கினேன். தீர்ப்பை மாற்ற முகாந்திரம் இல்லை என்றார்கள்.

போன வாரம் வெளியே வந்தாள். பட்டறை வாசலில் நின்று, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றாள். மறுபடி வேலைக்கு வா என்றேன். "வேணாம் மாமா" என்று போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கண்ணாடியை உடைத்தது நான். தீ வைத்தது நான். அந்தப் பிள்ளைக்கு மூன்று வருஷம் நான் பாக்கி. மற்றபடி யாருக்கும் கடன் வைத்துப் பழக்கமில்லாதவன் சார், விசாரித்துப் பாருங்கள்.