புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

உங்களுக்கு முந்தி, எனக்கு முந்தி, நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி, மலையடிவாரத்துல புங்கங்கொம்பைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருக்கு மாராயின்னு ஒருத்தி வாக்கப்பட்டு வந்தாளாம்.

விசனக்காரின்னுதான் அவளை ஊர்ல கூப்பிடுவாங்களாம். மழை வந்தா கூரை ஒழுகுமேன்னு விசனம். மழை வராட்டி சாமை காயுமேன்னு விசனம். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவாளாம், பத்தடி போவாளாம், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாளாம். புருசன் செங்கோடன் சிரிப்பானாம். "ஏன் புள்ள, தாழ்ப்பாளுக்குக் காலா மொளைச்சிருக்குது, எந்திரிச்சுப் போறதுக்கு?" அவளும் சிரிப்பாளாம். சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பாளாம்.

செங்கோடன் அந்த ஊருக்குக் காட்டுக் காவல்காரன். காட்டுப்பன்னி சாமைக்குள்ள இறங்கினா ஒரு வருசத்துச் சோறு போச்சு. அதனால ஊருக்குப் பொதுவா ஒரு துப்பாக்கி வச்சிருந்தாங்களாம். இந்தக் காலத்துத் துப்பாக்கி இல்லீங்க. வாய் வழியா மருந்தைக் கொட்டி, நாரை அடைச்சு, கம்பியால இடிச்சு, மேல குண்டைப் போட்டுச் சுடுறது. மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கு முதல் வெடியும் அதுலதான். அது பழசாகித் தேய்ஞ்சு போச்சுன்னு, ஊருக்குப் பெரியதனம் பண்ணுன சடையப்பன் சந்தைக்குப் போய்ப் புதுசா ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்தாராம்.

வந்ததும் வராததுமா ஊரைக் கூட்டினாராம்.

"சீமைக் குழலப்பா! கப்பல்ல வந்தது. பாரு, கிரீடம் போட்ட முத்திரை. பாரு, கொடி சுத்தின மாதிரி குழலைச் சுத்தி வரி வரியா ஓடுது. இந்த வரி இருந்தா அசல்னு வியாபாரி அடிச்சுச் சொல்லிட்டான்."

மாராயியும் எட்டிப் பார்த்தாளாம். அவ அப்பன் கொல்லுப்பட்டறையில சம்மட்டி அடிச்ச மனுசன். நல்ல குழலை எப்படி அடிப்பாங்கன்னு அவ சின்ன வயசுலயே பார்த்திருக்கா. இரும்புப் பட்டையைக் காய்ச்சி, கம்பி மேல துணி சுத்துற மாதிரி சுத்திச் சுத்தி அடிப்பாங்க. அந்தச் சுத்துதான் வரியாத் தெரியும். வரி இருந்துச்சா, அவளுக்கு மனசு ஆறுச்சாம். வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அன்னிக்கு ஒரு நாள்தான் அவ விசனமில்லாம சோறு தின்னாளாம்.

நோன்பிக்கு முதல் நாள் வந்துச்சு. வீட்டுக்கு வீடு அண்டா குண்டானை வாசல்ல போட்டுத் தேய்க்கிறாங்க. செங்கோடன் துப்பாக்கியைக் கொண்டாந்து ஏனத்தோட ஏனமா வச்சானாம்.

"சாமி முன்னாடி வைக்கிறது புள்ள. துடைச்சு வை."

துடைச்சு வைன்னுதான் சொன்னான். ஆனா மாராயிக்குத் துடைச்சா ஆறுமா? சந்தையில எத்தனை பேர் கை பட்டிருக்குமோ, என்னென்ன தீட்டோ, மாரியாத்தா கோவிச்சுக்கிட்டா என்ன பண்றது? துப்பாக்கியோட மரக்கட்டையைக் கழட்டி ஓரமா வச்சாளாம். குழலைத் தொடை மேல போட்டு, ஒரு உருண்டை புளியை எடுத்து, சாம்பலைத் தொட்டு, தேங்காய் நாரால தேய் தேய்னு தேய்ச்சாளாம்.

கருப்புக் கருப்பாத் தண்ணி ஓடுச்சாம். எத்தனை அழுக்கு பாருன்னு இன்னும் தேய்ச்சாளாம். தண்ணி ஊத்திக் கழுவிப் பார்த்தா, வரியைக் காணோமாம்!

மாராயிக்கு உசுரே போயிருச்சாம். "ஐயோ ஆத்தா! ஊருத் துப்பாக்கியைக் கெடுத்துப்புட்டேனே! சீமைக்காரன் போட்ட வரியைப் புளி போட்டு அழிச்சுப்புட்டேனே! பெரியதனம் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

என்ன பண்ணினா தெரியுமா? ஓடிப்போய்க் கண்மைச் சிமிழை எடுத்துக்கிட்டு வந்தாளாம். ஈர்க்குச்சியை மையில தொட்டாளாம். பழையபடி வரி வரைஞ்சு வச்சிரலாம்னு குழலுக்குக் கிட்ட மூஞ்சியைக் கொண்டுபோய் ஒரு வரி போட்டாளாம். அழகா விழுந்துச்சாம். ரெண்டாவது வரி போட்டாளாம். அதுவும் அழகா விழுந்துச்சாம்.

மூணாவது வரிக்குப் போன கை அப்படியே நின்னு போச்சாம்.

"நான் போடுற மாதிரிதான அவனும் போட்டிருப்பான்?"

மையைத் துடைச்சுப்புட்டுக் குழலை வெயில்ல திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். வாயில இருந்து அடி வரைக்கும் நேரா ஒரே ஒரு கோடு, தலைமுடி மாதிரி. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வட்டமா ஓட்டை அடைச்ச தடம். ஆணி அடிச்சிருந்த ஓட்டை. வண்டிச்சக்கரத்துப் பட்டையில இருக்குமே, அந்த ஓட்டை.

அவளுக்கு அப்பன் சொன்னது நெனப்புக்கு வந்துச்சாம். சுத்தி அடிச்ச குழல் தாங்கும். வெத்தலையைச் சுருட்டுற மாதிரி நீளவாக்குல சுருட்டி ஒட்டினா, வெடி தள்ளுறப்போ அந்த ஒட்டு வாயைப் பொளந்துக்கும். பொளந்தா எங்கே பொளக்கும்? சுடுறவன் கன்னத்துக்கு நேரா.

நாளைக்கு அந்தக் கட்டையில கன்னத்தை வைக்கப் போறவன் செங்கோடன்.

அவ்வளவுதான். குழலை முந்தானையில சுத்திக்கிட்டு, ஈரக்கையோட கோயில் வாசலுக்கு ஓடினாளாம். அங்கே ஆம்பளைங்க பந்தல் போட்டுக்கிட்டு இருக்காங்க.

"இதுல யாரும் சுடக்கூடாது. இது கப்பல்ல வந்த குழல் இல்லீங்க மாமா. மாட்டு வண்டியில சுத்தின பட்டை!"

சடையப்பன் குழலைப் பார்த்தாராம். தலையில அடிச்சுக்கிட்டாராம். "அடிப்பாவி, வரி எங்கடி?"

"தேய்ச்சேன், போயிருச்சு."

"எதைப் போட்டுத் தேய்ச்ச?"

"புளி."

சிரிப்பு தாங்கலையாம் எல்லாருக்கும். "செங்கோடா, நல்லவேளை, ரசம் வைக்காம விட்டா!"

செங்கோடனுக்கு முகம் கருத்துப் போச்சாம். "ஏன் புள்ள, எத்தனை பேரு முன்னாடி இப்படி என் மானத்தை வாங்குற? போ வீட்டுக்கு. நாளைக்கு நான்தான் சுடுவேன். இதுலதான் சுடுவேன்."

"சுடுங்க. நான் முதல்ல சுட்டுப் பார்த்ததுக்கு அப்புறம் சுடுங்க."

"நீயா?"

"நானேதான். மரத்துல கட்டி, விசையில கயிறு கட்டி இழுக்குறேன். ஒண்ணும் ஆகலைன்னா, இந்த ஊரு ஏனம் பூராவும் நான் ஒருத்தியே தேய்க்கிறேன்."

சடையப்பன் யோசிச்சாராம். வேலையெல்லாம் கிடக்கு, இவ அடங்க மாட்டா. சரின்னாராம். ஊருக்குத் தெக்கே ஓடைக்கரையில பட்டுப்போன இலுப்பை மரம். குழலைப் பழையபடி கட்டையில மாட்டி, அந்த மரத்தடியில துப்பாக்கியைக் கட்டினாங்களாம். முப்பதடி தள்ளி யானை படுத்த மாதிரி ஒரு பாறை. அதுக்குப் பின்னால எல்லாரும் நின்னாங்களாம். கயிறு மாராயி கையில.

இழுத்தாளாம். டமார்! குண்டு எதிர்க்கரையில போய் மண்ணைக் கிளப்புச்சாம். குழல் அப்படியே இருந்துச்சாம்.

"ஆச்சா? போய் ஏனத்தைத் தேய்!"ன்னாராம் சடையப்பன்.

"இன்னொண்ணு," அப்படின்னாளாம்.

மறுபடி மருந்து போட்டாங்களாம். மறுபடி இழுத்தாளாம். டமார்! குழல் அப்படியே இருந்துச்சாம். வேடிக்கை பார்க்க வந்த பொம்பளைங்களே சிரிச்சுட்டாங்களாம். செங்கோடன் துப்பாக்கியை அவிழ்க்க எழுந்திரிச்சானாம். மாராயி அவன் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டாளாம்.

"இருங்க. பெரிய பன்னியைக் கண்டா நீங்க ஒரு கை மருந்து கூடப் போடுவீங்கதான? பொய் சொல்லாதீங்க. அந்தக் கை மருந்தை இப்பப் போடுங்க."

செங்கோடன் தலையைச் சொறிஞ்சானாம். அவன் போடுறது நெசம்தான். ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தானாம். போய் ஒரு கை மருந்து கூடப் போட்டு, இடிச்சு, குண்டைப் போட்டுட்டு வந்து அவ பக்கத்துல குந்தினானாம். மாராயி கண்ணை மூடிக்கிட்டு இழுத்தாளாம்.

அது டமார்னு கேக்கலையாம். படார்னு, பனைமட்டையைப் பொளந்த மாதிரி கேட்டுச்சாம். பாறை மேல இரும்பு வந்து சடசடன்னு விழுந்துச்சாம். புகை கலைஞ்ச பிறகு போய்ப் பார்த்தா, குழல் அந்தக் கோட்டோட விரிஞ்ச அவரைத் தோல் மாதிரி கிடந்துச்சாம். கட்டையில கன்னம் வைக்கிற இடத்தையே காணோமாம். சடையப்பன் ஒரு துண்டைக் கையில எடுத்தாராம். அதுல பாதி ஆணி ஓட்டை இருந்துச்சாம்.

அதுவரைக்கும் அழாத மாராயி அப்பத்தான் ஓன்னு அழுதாளாம். செங்கோடனோட தாடையைப் பிடிச்சுக்கிட்டு, "மூஞ்சியைத் திருப்புங்க, பார்க்குறேன்"னாளாம்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை புள்ள. நான் பாறைக்குப் பின்னால உன்கூடத்தான இருந்தேன்."

"இருந்தாலும் திருப்புங்க."

திருப்பினானாம். இந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்தாளாம். "அந்தப் பக்கம்." அந்தப் பக்கமும் திருப்பினானாம். ஊரே நின்னு பார்க்குது, பெரியதனம் பார்க்குறாரு, அவன் சின்னப் புள்ளை மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினானாம். ஒருத்தர்கூடச் சிரிக்கலையாம்.

அந்த வருசம் நோன்பிக்குக் கொட்டுச் சத்தம் மட்டும்தானாம். அப்புறம் சந்தைக்குப் போறப்போ சடையப்பன் மாராயியையும் கூட்டிக்கிட்டுப் போனாராம். அவ மடியில ஒரு உருண்டை புளி. புளியைப் பார்த்ததுமே சில வியாபாரிங்க சாக்கைச் சுருட்டிக்கிட்டாங்களாம். ஒரு கிழவர் மட்டும், "நல்லாத் தேய்ச்சுப் பாரு தாயி"ன்னு குழலை நீட்டினாராம். தேய்க்கத் தேய்க்க வரி பளிச்சுன்னு எந்திரிச்சு வந்துச்சாம். அதைத்தான் வாங்கினாங்களாம். அதையும் ஓடைக்கரையில கட்டி மாராயி மூணு தடவை இழுத்த பிறகுதான் செங்கோடன் தொட்டானாம்.

இப்போ ஊர்ல துப்பாக்கி ஏது? ஆனா அந்தப் பழக்கம் போகலை. மத்த ஊர்ல புது வண்டி வாங்கினா சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைப்பாங்க. புங்கங்கொம்பையில மோட்டார் வந்தாலும் சரி, பைக் வந்தாலும் சரி, டிராக்டர் வந்தாலும் சரி, ஓடைக்கரைக்குத்தான் முதல்ல கொண்டு போகணும். வீட்டுப் பொம்பளை ஒரு கை புளி போட்டுத் தேய்ப்பா. பெயிண்ட் போயிரும்னு பையன்கள் கத்துவாங்க. போகட்டும்பா. அப்புறம் மூணு தடவை அவளே ஓட விட்டு நிறுத்துவா. மூணாவது தடவை நல்லா முறுக்கி விடுவா. அது முடியிற வரைக்கும் ஆம்பளைங்க அத்தனை பேரும், படிச்சவங்களா இருந்தாலும் பெரிய உத்தியோகம் பார்த்தாலும், அந்தப் பாறைக்குப் பின்னாலதான் குந்தி இருக்கணும்.

அந்தப் பாறைக்கு விசனக்காரி பாறைன்னு பேரு.