செட்டை வைத்த வள்ளம்

அருளம்மா: ...காத்தெண்டு நீ சொல்லுறாய். முத்தத்திலை காயப்போட்ட சீலை அசையேல்லை.

பெனடிக்ற்: கீழை அசையாது அக்கா. மேலை அசையும்.

அருளம்மா: மாதா சுருவம் மேலாலை போகேல்லை, தம்பி. கடலாலை, வள்ளத்திலை போகுது. கதவைத் திற.

பெனடிக்ற்: முப்பது வருசம் பிளேன் ஓட்டினவன் சொல்லுறன். இண்டைக்குக் காலநிலை சரியில்லை. எங்கடை கொம்பனி எண்டா பயணத்தை நிப்பாட்டியிருக்கும்.

அருளம்மா: சனத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டியும் குடுத்து இருத்தியிருக்கும். இஞ்சை ஊரே கடற்கரையிலை நிக்குது. "திருநாளிலை மாதா போற வள்ளத்திலை சுக்கான் பிடிக்கிறது எங்கடை கப்டன் பெனடிக்ற்" எண்டு சுவாமி பூசையிலை சொல்லேக்கை, எழும்பிக் கும்பிட்டது ஆர்?

பெனடிக்ற்: அது... ஒரு மரியாதைக்கு.

அருளம்மா: பிறகு கோயில் வாசல்லை நிண்டு, அத்திலாந்திக் புயலுக்கை பிளேனைக் கொண்டுவந்த கதை சொன்னது?

பெனடிக்ற்: கேட்டவை, சொன்னனான்.

அருளம்மா: ஒருத்தரும் கேக்கேல்லை. நான் பக்கத்திலை நிண்டனான்.

பெனடிக்ற்: எனக்கு முழங்கால் நோகுதக்கா.

அருளம்மா: காலமை உடுப்பைப் போட்டுக் கண்ணாடிக்குச் சல்யூட் அடிக்கேக்கை நோகேல்லையோ?

பெனடிக்ற்: வலன்ரைன் பிடிக்கட்டும். இப்ப எல்லா வரியமும் அவர்தானே—

அருளம்மா: அவர் உனக்கெண்டு விட்டுக்குடுத்திட்டு நிக்கிறார். பெடியள் வள்ளத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடிச்சு, ரெண்டு பக்கமும் பலகையிலை பிளேன் மாதிரிச் செட்டை வைச்சிருக்கிறாங்கள்.

பெனடிக்ற்: வள்ளத்துக்கு என்னத்துக்குச் செட்டை?

அருளம்மா: கப்டன் ஓட்டுறதெல்லே. வாலும் இருக்கு. வால்லை உன்ரை பேர்.

பெனடிக்ற்: செட்டை வைச்சா காத்துப் பிடிச்சுப் பிரட்டும். இது பாதுகாப்பில்லை. நான் சுவாமியோடை கதைக்கிறன்.

அருளம்மா: அறையைப் பூட்டிக்கொண்டிருந்து எப்பிடிக் கதைப்பாய்? அங்கை பாண்ட் வாத்தியமும் துவங்கீற்றாங்கள்.

பெனடிக்ற்: ...அக்கா. நான் ஏன் கொழும்புக்குப் படிக்கப் போனனான் எண்டு தெரியுமோ?

அருளம்மா: சின்னனிலையே ஆகாயத்திலை ஆசை எண்டாய்.

பெனடிக்ற்: அது பேப்பர்க்காரருக்குச் சொன்னது.

அருளம்மா: அப்ப?

பெனடிக்ற்: அப்பாவோடை ஒருநாள் தொழிலுக்குப் போனனான். கரை மறையமுன்னமே... வயிறு...

அருளம்மா: சத்தி எடுத்தனி.

பெனடிக்ற்: உங்களுக்குத் தெரியுமோ?

அருளம்மா: ஊருக்கே தெரியும். பிடிச்ச மீனுக்கு மேலையெல்லே எடுத்தனி. மீன் வாங்க வாற எருக்கலம்பிட்டி யாவாரி கிட்டவும் வரேல்லை. அப்பாவும் கழுவிக் கழுவிப் பாத்தார்.

பெனடிக்ற்: தெரிஞ்சுகொண்டோ எனக்கு இந்தச் சுக்கானைத் தந்தவை? சிரிக்கவோ?

அருளம்மா: சிரிக்கிறவை சிரிப்பினம். ஆனா நான்தான் சுவாமியிட்டைப் போய்க் கேட்டனான்.

பெனடிக்ற்: நீங்களோ? ஏனக்கா?

அருளம்மா: அந்தச் சுக்கான் அப்பா பிடிச்சதடா. சாகுமட்டும் வேறை ஒருத்தரையும் தொட விடேல்லை. எங்கடை வீட்டாலை ஒருக்காலாவது ஒராள் பிடிக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. அதைச் சொல்ல வெக்கமாயிருந்தது. சத்தி வராமல் மணக்கத் தேசிக்காய் வெட்டிக் கொண்டந்திருக்கிறன்.

பெனடிக்ற்: ...அப்பாவுக்கு என்னாலை பெரிய அவமானம், என்ன?

அருளம்மா: அவமானமோ? பிளேன் சத்தம் கேட்டாப் போதும், பின்னுற வலையைப் போட்டிட்டு முத்தத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பாப்பார். "பாவம் பிள்ளை, அங்கையும் சத்தி எடுக்குதோ தெரியேல்லை" எண்டு சொல்லுவார்.

பெனடிக்ற்: ...எடுத்தனான் அக்கா. அந்தப் புயலுக்கை பிளேனைக் கொண்டுவந்தது பக்கத்திலை இருந்த மற்றப் பைலட். நான் சத்திப் பையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்... கதவை நான் பூட்டவேயில்லை, திறந்துதான் கிடக்கு, அந்தத் தேசிக்காயைத் தாங்கோ.