துணிக்கு அந்தப் பக்கம்

இரவு ஏழு மணி. றொசல்ல ஸ்டேஷன் தாண்டி மேலே ஏறும் தோட்டத்து ரோடு. மழை விட்டும் தூறல் விடவில்லை... எதிரே ஒரு ஆள் இல்லை.

அந்த ரோட்டில் சினிமா வேன் ஓட்டிப் போனவர் என் கூட்டாளி வீரய்யாவின் மச்சான் முத்துலிங்கம். ஐம்பத்திரண்டாம் ஆண்டு. பொய் என்று நினைக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு சிரிப்பு வராது. அந்தக் கதவையும் சாத்துங்கள்.

வேனில் இருந்தது ஒரு ஊமைப் படம். முப்பது வருஷத்துக்கு முன்பு அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, கொழுந்து பறிக்கிற பெண்களைக் கையால் சுற்றும் கேமராவில் பிடித்தது. பங்களா பரணில் கிடந்ததை ஆட்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லியிருந்தார்கள். முத்துலிங்கத்தின் படம் காட்டும் மெசினும் பழசு. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் விளக்குச் சூட்டில் பிலிம் பற்றிக்கொள்ளும்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், இரண்டு மரத்துக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டினார். மற்ற தோட்டங்களில் துணிக்குப் பின்னாலும் கூட்டம் உட்காரும். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், அவ்வளவுதான். இங்கே பின்னால் ஒருவரும் போகவில்லை. அந்தப் பக்கம் தோட்டத்துப் புதைகாடு.

படம் ஓடியது. க்ரிக்... க்ரிக்... க்ரிக்... சூடான எண்ணெய் வாடை. எப்போதோ செத்துப்போன கிழவிகளெல்லாம் இளம் பெண்களாகக் கூடையோடு நடந்தார்கள். சனங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

அப்போது துணிக்குப் பின்னாலும் ஒரு குழந்தை சிரித்தது.

நாகலெட்சுமி மட்டும் எழுந்தாள். போன மழைக்குக் காய்ச்சலில் தன் ஒரே மகளை அங்கே புதைத்தவள். பாவம், அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டதே இல்லை. நேராக மெசினிடம் வந்தாள். வெளிச்சத்தில் அவளுடைய வலது மூக்கில் மூக்குத்தி மின்னியது.

"அண்ணே, எம் புள்ள சிரிக்குது. போய்க் கூட்டிக்கிட்டு வந்துர்றேன். நிறுத்திறாதீங்கண்ணே..."

"போகாத தங்கச்சி! யாராவது புடிங்கப்பா!"

யாரும் அசையவில்லை. அவராலும் கைப்பிடியை விட முடியவில்லை. அவள் துணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். ஈரமண் வாடை குப்பென்று அடித்தது...

ரீல் முடிகிற நேரம் திரும்பி வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு. சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்திருப்பது போல ஒரு கையைத் தாழ்த்தி வைத்திருந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"கூட்டிக்கிட்டு வந்துட்டேண்ணே."

புருஷன் செல்லசாமி அழுதுகொண்டே அவளை லயத்து வீட்டுக்கு அழைத்துப் போனான். முத்துலிங்கத்துக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. அவளுடைய மூக்குத்தி இப்போது இடது மூக்கில் இருந்தது.

அட்டன் டவுனில் தன் அறைக்கு வந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு, தனியாக அந்த ரீலை மறுபடி ஓட்டினார். அதே பெண்கள், அதே கூடைகள். வரிசையின் கடைசியில் புதிதாக ஒருத்தி... நாகலெட்சுமி. வலது மூக்கில் மூக்குத்தி. பக்கத்தில் பிள்ளை இல்லை. அவரையே பார்த்து ஓடி வந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. ஊமைப் படமாயிற்றே, சத்தம் எங்கே வரும்? ஆனாலும் அந்த உதடுகள் சொன்னது அவருக்குப் புரிந்தது.

நிறுத்திறாதீங்கண்ணே...

சுற்றினார். கை கடுத்தது. விடாமல் சுற்றினார்.

ரீலில் மிச்சம் கொஞ்சந்தான் இருந்தது.