பம்ப் கொட்டகையில் சிவப்புத் துணி

குழாய்களை மண்ணுக்குள் புதைப்பதற்கு முன்னால் தோட்டத்தில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். புதுத் தேயிலைக் கன்று நட்ட மலையில் ரப்பர் குழாயைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாகப் போவேன். பக்கத்து மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள், "பம்பண்ணே, எங்க மேலயும் கொஞ்சம் அடிங்க, வெயிலு தாங்கல" என்பார்கள். அடிப்பேன். திட்டுவார்கள். நாள் போய்விடும்.

பிறகு கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து கன்றுகளின் வேரோரம் சொட்டுக் குழாய்களைப் புதைத்துவிட்டுப் போனார்கள். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் வெயிலில் வீணாவதில்லை. மேலே மண் காய்ந்து கிடக்கும், கீழே வேர் குடித்துக்கொண்டிருக்கும். உரம், புழு மருந்து எல்லாவற்றையும் அதே குழாயில் அனுப்பலாம். மலை உச்சிக் கொட்டகையில் ஒருவன் இருந்து வால்வைத் திறந்து மூடினால் போதும். அந்த ஒருவன் நான். சில நாட்களில் மாலையில்தான் முதன்முதலாக வாயைத் திறப்பேன், அதுவும் இருமுவதற்கு.

மாசி மாதம் லயத்து ஆட்கள் குடிதண்ணீர் பிடிக்கும் பீலி வற்றியது. கொஞ்ச நாளில் பம்பின் அழுத்தம் காட்டும் முள் இறங்கத் தொடங்கியது. பன்றி குழாயைக் கிளறியிருக்கும் என்று தேடிக்கொண்டு போனேன். கீழ் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தெரேசம்மாவின் மகன் ரொபர்ட் மண்ணைத் தோண்டி, குழாயை வெட்டி, தண்ணீர் பிடிக்க ஒரு டெப் பூட்டியிருந்தான். தெரேசம்மா என் வயதுக்காரி. புருஷன் இல்லை.

"தொரைகிட்ட சொல்லிடாதீங்க அண்ணே. குடிக்கத்தான் எடுக்கிறோம். மருந்து விடுற நாளைக்கு மட்டும் ஒரு அடையாளம் காட்டுங்க, போதும்" என்றாள். உள்ளே போய்ப் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக்கொண்டு வந்து தந்தாள். மருந்து நாளில் அதைக் கொட்டகை வாசலில் கட்டுவேன். அன்றைக்கு டெப்பைத் திறக்க மாட்டார்கள். மேலே வந்து, மருந்து கலக்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் பீப்பாயில் மொண்டு போவார்கள். குடத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்குவார்கள், பேசுவார்கள். ஒருமுறை தெரேசம்மா என் சோற்றுச் சட்டியைத் திறந்து பார்த்து, "இதையா திங்கிறீங்க, நாய் கூட மோந்துட்டுப் போயிரும்" என்றாள். அடுத்த தடவை தேங்காய்ச் சம்பல் கொண்டுவந்தாள்.

மருந்து அடிக்கடி விடுவதில்லை. அதனால் மருந்து இல்லாத நாட்களிலும் துணியைக் கட்டினேன். யாருக்கும் நட்டமில்லை. கொஞ்சம் ஏறி வரவேண்டும், அவ்வளவுதான்.

ரொபர்ட் ஒருநாள் மருந்துத் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டான்.

"அம்மா, இங்க வந்து பாருங்க. தொட்டியில சிலந்தி கூடு கட்டியிருக்கு. அண்ணனுக்குப் பேச ஆள் இல்லாட்டி நம்மளுக்கெல்லாம் மருந்து நாள்."

பெண்கள் சிரித்தார்கள். தெரேசம்மாவும் சிரித்தாள். "காலத்துல ஒருத்தியக் கட்டியிருந்தா இந்தத் துணிக்கு வேலையே இல்லையே அண்ணே" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "நெசமா மருந்துன்னா எறங்கி வந்து சொல்லிடுங்க, சரியா" என்றாள். சரி என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. உண்மையான மருந்து நாட்களுக்கு முந்தின நாள் சொன்னபடி இறங்கிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கே எல்லாக் குடத்தையும் நிரப்பிக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரொபர்ட் கஹவத்தை டவுனுக்குப் போயிருந்தான். பாதிப்பேர் கோயிலில் இருந்தார்கள். தெரேசம்மா முதல் பூசைக்கே போய் வந்துவிட்டாள் போலிருக்கிறது. குடத்தோடு வெளியே வந்து மேலே பார்த்தாள். துணி கட்டியிருந்தது. கையை ஆட்டிவிட்டு டெப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்து டீ போடும் கேத்தலோடு இன்னொருமுறை வந்தாள். அப்போதும் மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

அந்தத் தண்ணீரில்தான் பிளேன்டீ ஊற்றியிருக்கிறாள். மருந்துக்கு வாசம் இல்லை. பக்கத்து வீட்டு இருளப்பனுக்கும் ஒரு கப் கொடுத்திருக்கிறாள். இருளப்பனை நான் நினைக்கவே இல்லை. அதற்காக வருத்தப்படுகிறேன்.

நான் துணியைக் கட்டியிருந்தேன். கோயிலிலிருந்து வந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். இறங்கிப்போய்ச் சொல்லவில்லை என்பது உண்மைதான். எப்போதும் நான்தானே இறங்கிப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையில் மருந்து விடும் வழக்கம் இல்லையே என்று கேட்டீர்கள். இல்லை. அன்று விடிந்ததும் துணியைக் கட்டியபோது தொட்டி காலியாகத்தான் இருந்தது. யாராவது ஏறி வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முதலில் குடத்தில் பிடித்தது நல்ல தண்ணீர். அவள் கையை ஆட்டிவிட்டு உள்ளே போன பிறகு, அந்தத் துணி அங்கே பொய்யாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஸ்டோரைத் திறந்து மருந்தை எடுத்துவந்து தொட்டியில் ஊற்றி, வால்வைத் திறந்தேன்.

மற்றது எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பொய்க்குத் துணி கட்டினேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.