சத்தம் வராத பிரேக்

மழை பிடித்துக்கொண்டால் பதுளைப் பக்கம் எந்தச் சத்தத்தையும் ஒழுங்காகப் பதிவு செய்ய முடியாது, சேர். தகரக் கூரைகள் விடாது. அதனால்தான் வெயில் வரும்வரை காத்திருந்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

சண்டைப் படங்களுக்குச் சத்தம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கதாநாயகன் சுடும்போது உங்களுக்குக் கேட்பது, நனைந்த கொழுந்துச் சாக்கை நான் பிரம்பால் அடிக்கும் சத்தம். மெஷின் துப்பாக்கி என்பது எங்கள் வீட்டுத் தையல் மெஷின். வில்லனின் வெளிநாட்டுக் கார், ஹாலிஎல ஏற்றத்தில் மூச்சு வாங்கிய ஒரு ஆட்டோ. இதையெல்லாம் ஏமாற்று என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். படம் பார்ப்பவன் பயப்படுகிறானா இல்லையா, அதுதான் கணக்கு.

இந்தப் படத்துக்கு, லொறி ஒன்று அலறிக்கொண்டு பிரேக் பிடிக்கும் சத்தம் வேண்டும் என்றார்கள். தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டும் கஜேந்திரனைப் பிடித்தேன். தங்கமான ஆள், கேட்டபோதெல்லாம் ஓட்டிக் காட்டினான். ஆனால் ஒவ்வொரு தடவையும் லொறி பூனை மாதிரி வந்து நின்றது. "பிரேக் போட்டா சத்தம் கேக்கக் கூடாதுண்ணே. கேட்டா அவன் டிரைவரே இல்ல" என்று சிரித்தான். தன் கெட்டித்தனத்தைக் காட்டி என் பிழைப்பில் மண்ணைப் போட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை, அதை மறைக்கவில்லை.

பயந்தால்தான் ஓங்கி மிதிப்பான் என்று தோன்றியது. தோட்டத்து ரோடு உங்களுக்குத் தெரியும், ஒரு வண்டிக்குத்தான் காணும். முடக்கு வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டால், இறங்கி வரும் லொறி பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். நான் தேயிலைக்குள் ஸ்பீக்கரை மறைத்து வைத்து, அவன் முடக்குக்கு வந்ததும் பஸ் ஹோர்னை முழுச் சத்தத்தில் போட்டேன். நானே பதுளை பஸ் நிலையத்தில் பதிவு செய்த ஹோர்ன் அது, பிரமாதமாக இருக்கும்.

கஜேந்திரன் மிதித்தான், லொறி அலறியது. ஆனால் அவன் ஒதுங்கவும் செய்தான். வராத பஸ்ஸுக்கு அவ்வளவு மரியாதை. மழையில் ஊறியிருந்த ரோட்டோரம் லொறியோடு சேர்ந்து இறங்கியது. பிரேக் மட்டும் கேட்டவனுக்கு லொறி உருளும் சத்தமும் கிடைத்தால் எப்படி இருக்கும்? எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கீழே மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். இங்கேதான் எல்லாரும் என்னைத் தப்பாக நினைக்கிறீர்கள். எங்கே சத்தம் எடுத்தாலும் கடைசியில் அந்த இடத்தின் அமைதியையும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் மற்றச் சத்தங்களை ஒட்ட முடியாது. அதனால் கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் எல்லாரும் மௌனமா நில்லுங்க" என்றேன்.

மே தினக் கூட்டங்களில் செத்தவர்களுக்காக அப்படி நின்று பழகிய சனம். கவிழ்ந்த லொறியை நோக்கி முதலில் ஓடியவர் நல்லம்மா என்ற கொழுந்து எடுக்கும் அக்கா. அவர் அப்படியே நின்று, "உசுரு போயிருச்சா தம்பி?" என்று கேட்டார். நான் ஆமென்று சொல்லவில்லை, சேர். உதட்டில் விரலை வைத்தேன், அவ்வளவுதான். அவர் தலைத்துண்டை அவிழ்த்தார். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள், ஒரு இருமல்கூட இல்லை. கொழும்பு ஸ்டூடியோவில் காசு கொடுத்தாலும் இந்த ஒழுங்கு கிடைக்காது.

அப்போது உயிர் இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இருந்தது. லொறிக்குள்ளிருந்து தகரத்தை நகத்தால் தட்டுவது ஹெட்போனில் எனக்கு மட்டும் கேட்டது. அதைச் சொல்லியிருந்தால் சனம் கத்திக் குழறியிருக்கும், எடுத்ததெல்லாம் பாழாகியிருக்கும். மைக்கை வேறு பக்கம் திருப்பிப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. அதனால் உயர்த்திய கையை இறக்காமல் நின்றேன்.

நான் ஒரு நிமிடம்தான் கேட்டேன், சேர். அவன் தட்டுவதை நிறுத்தாததால்தான் கொஞ்சம் நீண்டுவிட்டது.