மீனெண்ணெய்க் காவடி

“மீனைத் தின்னுட்டுக் காவடி எடுத்திருக்கேன்டா.”

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால், புத்தகத்தை எப்படிப் படிப்பது? முன் இருக்கையில் பளு தூக்கிப் பழகிய தோள்களோடு இருவர். பேசியவனுக்குத் தைப்பூச மொட்டை. மற்றவன் கழுத்தில் சிலுவை.

“எந்த மீன்?” என்றான் சிலுவைக்காரன்.

“காவடிக்குத் தெம்பா இருக்கும்னு நீ கொடுத்தியே, மஞ்ச மாத்திரை. விரதம் பூரா முழுங்கினேன். அது மீனெண்ணெயாம். நேத்துதான் மருந்துக்கடையில சொன்னாங்க.”

“மீனெண்ணெய்தான்.”

“விரதத்துக்கு ஆகும்னியே, அந்தோணி.”

“எங்க விரதத்துக்கு ஆகும் லா. வெள்ளிக்கிழமை கறிதான் கூடாது, மீன் சாப்பிடுவோம். உங்களுக்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்.”

மொட்டைத் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது.

“பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டியா?”

“எப்படிச் சொல்றது? படுக்கையில கெடந்தவ எந்திரிச்சு நடக்கணும்னுதான் காவடியே எடுத்தேன். இப்ப நடக்கறா. சொன்னா, பழையபடி படுத்துடுவாளோன்னு பயமா இருக்கு.”

டோபி காட் நிறுத்தம் நெருங்கியது. டேங்க் ரோடு கோயிலுக்கு அங்கேதான் இறங்க வேண்டும். மொட்டைக்காரன் எழுந்திருக்கவில்லை.

“எந்திரி. கோயிலுக்குன்னுதானே கெளம்பின?”

“எந்த மூஞ்சியோட போய் நிக்கறது?”

“நீ பேசாம நில்லு. கொடுத்தவன் நான், மன்னிப்பும் நானே கேக்கறேன். உங்க முருகனுக்கு என் தமிழ் புரியும்ல?”

பெல்லை அடித்தவனும் அந்தோணிதான்.

“புரியும்,” என்றான் மொட்டைக்காரன், மெல்ல எழுந்தபடி. “சப்பாத்த மட்டும் வெளிய கழட்டி வச்சுட்டு வா.”