வேலம்மா வளைவு

மோட்டார் வண்டிச் சத்தத்தையே இந்த மண்ணு கேக்காத காலத்துல, வெள்ளூரணின்னு சந்தை கூடுற ஊரு ஒண்ணு இருந்துச்சாம். ஊருக்கு ஒரே ஒரு தெரு. வெள்ளிக்கிழமை சந்தைன்னா தெக்கேயிருந்து பருத்தி வண்டி வரும், வடக்கேயிருந்தும் பருத்தி வண்டி வரும், நடுத்தெருவுல முட்டிக்கிட்டு நிக்கும். "மாட்ட அவுத்து வண்டியப் பின்னால தள்ளுடா!" "நான் ஏன்டா தள்ளணும்? நீ தள்ளு!" பொழுது சாயும், ஒருத்தனும் அவுக்க மாட்டான். அப்பிடி ஒரு வீம்பு.

அந்த வீம்புக்கு நடுவுலதான் வேலம்மாவோட மூத்த மக செத்தா. வலி எடுத்து மருத்துவச்சி வீட்டுக்குப் போன வண்டி, முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. தாயும் புள்ளையும் வண்டியிலயே போயிட்டாங்க. இப்ப இளையவளுக்கு நெறமாசம்.

ஊரு கூடுச்சு. ஊருக்கு மேக்கால சுத்தி ஒரு வண்டிப்பாதை போடணும். போடணும் போடணும்னு எல்லாருந்தான் சொன்னாங்க. யாரு வெள்ளாமைக் காட்டு வழியா? அங்கதான் ஆளாளுக்கு அடுத்தவன் காட்டக் கைகாட்டுனாங்க. கடைசில நாட்டாமை சங்கிலி சொன்னாராம்: "கோயில் காளையத் தெக்கெல்லையில அவுத்து விடுவோம். வடக்கெல்லைக்கு அது எந்த வழியாப் போகுதோ, அதான் பாதை. சாமி சொல்லுக்கு மறுபேச்சு இல்ல."

சரின்னு தலையாட்டிட்டுப் போயி என்ன செஞ்சாங்க தெரியுமா? ஆளாளுக்குத் தன் காட்டு ஓரத்துல கருவேல முள்ள வெட்டி அடைச்சுட்டாங்க! நாட்டாமையும் அடைச்சாரு. வேலம்மாவும் அடைச்சா. ஆமாய்யா, அவளுந்தான். இருந்தது அந்த ஒத்தக் காடு, கதிர் புடிச்ச சோளம். அத விட்டாக் கஞ்சிக்கு வழியில்ல.

மறுநா காளைய அவுத்து விட்டாங்க. போச்சு, போச்சு, இந்தப்பக்கம் முள்ளு. போச்சு, போச்சு, அந்தப்பக்கமும் முள்ளு. வேலம்மா காட்டு முனையில வந்து நின்னுருச்சு. வெயில் ஏறுது. ஊரே மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்குது. மக வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கா. காளை மெல்லத் தலையத் திருப்புச்சாம், பழைய தெருவப் பாத்து.

வேலம்மா ஓடுனா. வெறுங்கையால முள்ளப் புடிச்சு இழுத்தா. ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு கத்தைக் கதிர ஒடிச்சு நீட்டி, "வாய்யா, என் அய்யா, வா"ன்னா.

நாட்டாமை கத்துனாரு: "ஏ வேலம்மா! சாமி மாட்ட மனுசி கூப்பிடலாமா?"

"சாமிக்கு மனுசன் முள்ளு வைக்கலாமா?"

காளை காட்டுக்குள்ள கால வச்சுது.

ஓரமாக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? முக்காக் காடு மிஞ்சியிருக்கும். அவ நட்டநடுவுல, அகலமா வளைச்சுக் கூட்டிட்டுப் போனாளாம். அவ தம்பிகாரன் தலையில அடிச்சுக்கிட்டான். "முனையில ஒடிச்சுத் திருப்புனா பார வண்டி மறுபடி முட்டிக்கிட்டு நிக்கும்டா"ன்னாளாம்.

அடுத்தது நாட்டாமை காடு. காளை கிட்டப் போகுமுன்னே, அவரே துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு முள்ள இழுத்துப் போட்டாரு. அவரப் பாத்து அடுத்தவன், அவனப் பாத்து அடுத்தவன். வடக்கெல்லை வரைக்கும் வழி தொறந்துச்சு.

இளையவ வண்டி அந்தத் தடத்துலதான் மருத்துவச்சி வீட்டுக்குப் போச்சு. அவ பெத்த புள்ள வழியில வந்தவங்கதான் இங்க உக்காந்திருக்க நாமெல்லாம்.

அந்தப் பாதை ஓரத்துல இன்னிக்கும் எவனும் முள்ளு வைக்கிறதில்ல. வேலம்மா வளைவுல எதுத்தாப்ல வண்டி தெரிஞ்சா, பஸ்ஸோ லாரியோ, நம்மூர் டிரைவர் ஓரங்கட்டி, உள்ளங்கைய விரிச்சுக் காட்டி, "நீ மொதல்ல போ"ங்கிறான்ல? அது அவ கை.